நாற்காலியும் ஒரு சின்னச் சொல்லும்

நேயர்களுக்கு வணக்கம்.

'வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலம்' என்ற தலைப்பைக் கொடுத்து வானொலியில் 15 நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். 31 ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். மணி அடித்தால்தான் நிறுத்திப் பழக்கம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கொஞ்சம் கவலையோடுதான் உட்கார்ந்திருக்கிறார்.

ஓய்வுக்குப் பிறகு, மதுரை சிம்மக்கல்லில் என் வீட்டு மாடியில் காலை 7 மணிக்கு ஒரு வகுப்பு நடத்துகிறேன். ஏன் 7 மணி என்றால், வருகிறவர்களில் பாதிப்பேர் விளக்குத்தூண், மாசி வீதிப் பக்கம் ஜவுளிக்கடைகளில் வேலை செய்பவர்கள். ஒன்பதரைக்குக் கடையில் இருக்க வேண்டும். இரவு கடை சாத்தி வீடு போய்ச் சேரப் பத்தரை ஆகும். மற்றவர்கள் மருத்துவமனை உதவியாளர்கள், தையல் வேலை செய்பவர்கள், கப்பலூர்த் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள். எல்லோரும் பெண்கள். கட்டணம் கிடையாது, காபி உண்டு.

தொடக்கத்தில் கடையில் ஒரு புத்தகம் வாங்கிவந்து நடத்தினேன். விமான நிலையத்தில் எப்படிப் பேசுவது, நட்சத்திர ஓட்டலில் எப்படி அறை கேட்பது என்று பாடங்கள். நம் ஊர் விமான நிலையம் அவனியாபுரத்தைத் தாண்டினால் வந்துவிடும். என் வகுப்பில் ஒரே ஒரு பெண் அங்கே போயிருந்தாள். வளைகுடாவுக்குப் போன மாமாவை வழியனுப்ப, வாசல்வரை. அந்தப் பாடத்தை நடத்திய இரண்டு வாரமும் வகுப்பில் கொட்டாவிதான். விடியற்காலை எழுந்து, சோறு வடித்து, பஸ் பிடித்து வந்தவர்கள் கொட்டாவி விட்டால் அவர்களைச் சொல்லி என்ன?

ஒரு நாள் புத்தகத்தை மூடிவிட்டு, "உங்கள் வேலையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலச் சொல் எல்லாவற்றையும் சொல்லுங்கள்" என்றேன். பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ், ஓவர்டைம், ஷிஃப்ட், அட்வான்ஸ், இன்கிரிமென்ட், செட்டில்மென்ட், மெமோ, சஸ்பெண்ட். கரும்பலகையில் இடம் போதவில்லை. 'எனக்கு ஆங்கிலமே வராது டீச்சர்' என்று சொல்லிக்கொண்டு சேர்ந்தவர்கள் இவர்கள்.

எனக்கு அப்பா நினைவு வந்துவிட்டது. அப்பா மில் தொழிலாளி. சங்கு ஊதினால் டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்புகிற தலைமுறை. ஆங்கில எழுத்து ஒன்றுகூடப் படிக்கத் தெரியாது. ஆனால் சங்கக் கூட்டத்திலிருந்து திரும்பினால் லே-ஆஃப், கிராஜுவிட்டி, சார்ஜ் ஷீட், ஸ்டாண்டிங் ஆர்டர் என்று சரளமாகப் பேசுவார். 1918-இல் சென்னையில் பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து நம் ஊர்த் தொழிலாளி இந்தச் சொற்களோடுதான் வாழ்கிறார். பெரிய சொற்களை யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

அவர் ஏமாந்தது சின்னச் சொற்களில். நான் இன்று சொல்ல வந்ததே இதுதான். எங்கேயாவது பாதியில் வானொலியை நிறுத்துகிறவர்கள் இதை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். பெரிய சொல் நமக்குத் தெரியும். இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களில்தான் வழுக்கி விழுகிறோம்.

நாற்காலிக் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

நம் பக்கத்தில் ஒரு பெண்ணிடம் "எங்கேம்மா வேலை?" என்று கேட்டால் "ஜவுளிக்கடையில் நிற்கிறேன்" என்பாள். வேலை பார்க்கிறேன் என்று சொல்ல மாட்டாள், நிற்கிறேன் என்றுதான் சொல்வாள். நானும் அறுபது வயதுவரை அதைக் காதில் வாங்கியிருக்கிறேன். ஒரு நாளும் யோசித்ததில்லை. அவள் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரைவரை, சாப்பாட்டு நேரம் போக, நிற்கிறாள்.

தொழிற்சாலைச் சட்டம் 1948-இலேயே, நின்று வேலை செய்பவர்களுக்கு இடையில் உட்கார வசதி வேண்டும் என்று சொல்லிவிட்டது. கடைகளுக்கு அப்போது அப்படி ஒன்றும் இல்லை. 2018-இல் கேரளம் அதைச் சட்டமாக்கியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில், 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஆலைக்கு 1948, கடைக்கு 2021. நடுவில் 73 ஆண்டுகள். கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே கால் வலித்தது.

அந்தப் பிரிவு ஒரே ஒரு வாக்கியம். நீளமான வாக்கியம். அதை அச்செடுத்து ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தேன். செக்கானூரணியிலிருந்து வருகிற பெண் சத்தமாகப் படித்தாள். படித்துவிட்டு, "நாற்காலி இனிமேல்தான் வருமா டீச்சர்?" என்றாள்.

"ஏன் அப்படிக் கேட்கிறாய்?"

"ஷல் என்று போட்டிருக்கிறதே. ஐ ஷல், வி ஷல். ஷல் வந்தால் எதிர்காலம் என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்?"

நேயர்களே, அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. 31 ஆண்டுகள், ஆண்டுக்கு மூன்று பிரிவுகள். எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! எதிர்காலம் என்று சொன்னது தவறில்லை. சட்டத்தில் அந்தச் சொல் வேறு வேலை செய்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை, அதுதான் தவறு. அந்தப் பெண், கடைக்காரர் என்றைக்கோ ஒருநாள் நாற்காலி போடுவார் என்று அரசாங்கம் ஆருடம் சொல்கிறது என நினைத்திருக்கிறாள். போடத்தான் வேண்டும் என்று கட்டளை இட்டிருப்பது அவளுக்குத் தெரியவில்லை.

தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். "கடையில் நாற்காலி இருக்க வேண்டும்." சரி. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு தையல்காரம்மா, நாற்பது வயது இருக்கும், சொன்னார்: "எனக்கு நாற்காலி வேண்டும் என்றாலும் வேண்டும்தான் வருகிறது. இருக்க வேண்டும் என்றாலும் வேண்டும்தான் வருகிறது. எது எந்த வேண்டும்?" நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். முதல் 'வேண்டும்' கேட்கிறவருடையது. இரண்டாவது, கொடுக்க வேண்டியவர் தலையில் ஏறுவது. நாம் பெரும்பாலும் முதல் வேண்டுமோடு நின்றுவிடுகிறோம். 'ஐயா, எனக்கு வேண்டும்' என்று மனு எழுதுகிறோம். ஷல் என்பது இரண்டாவது வேண்டும். அன்று முழுக்க இதே பேச்சுதான், காபி ஆறிப்போய்விட்டது.

அந்த வாக்கியத்தின் பின்பாதியில் 'மே' என்று ஒரு சொல் வரும். மாதம் இல்லை. வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைத்தால் உட்காரலாம் என்பதில் வருகிற அந்த 'லாம்'. வாடிக்கையாளர் சேலை கேட்டுக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்திருக்கலாம் என்று சட்டம் சொல்லவில்லை. கூட்டம் இல்லாதபோது உட்காரலாம். நாற்காலி போடுவதில் கடைக்காரருக்கு லாம் கிடையாது. உட்காருவதில் நமக்கு லாம் உண்டு. திரும்பவும் சொல்கிறேன்: போடுவது வேண்டும், உட்காருவது லாம்.

கடைசியில் 'ஆன் தெயர் டோஸ்' என்று ஒரு தொடர் வரும். நாள் முழுக்க அப்படி இருக்கும் நிலையைத் தவிர்ப்பதற்காகவே இந்த ஏற்பாடு என்கிறது சட்டம். கைபேசியில் தேடிய ஒருத்தி, "சுறுசுறுப்பாக, விழிப்பாக இருப்பது என்று வருகிறது டீச்சர். நாம் சுறுசுறுப்பாக இருக்கக் கூடாதென்றா சட்டம் போட்டார்கள்?" என்று கேட்டதும் மாடியே சிரித்தது. அகராதி சொல்வதும் சரிதான். ஆனால் இங்கே அது நம் 'கால் கடுக்க நிற்பது'. வகுப்பில் யாருக்கும் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்தச் செக்கானூரணிப் பெண் வேலை பார்க்கும் கடையின் பெயர் வேண்டாம். ஒரு மாதம் கழித்து, "ஸ்டூல் வந்துவிட்டது டீச்சர்" என்றாள். மகிழ்ந்துபோய், அதை ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியமாகச் சொல் என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "தி பாக்ஸ் ஈஸ் சிட்டிங். ஐ ஆம் ஸ்டாண்டிங்." ஸ்டூலின்மேல் சேலைப் பெட்டியை அடுக்கிவிட்டார்களாம். நிகழ்காலத் தொடர்வினைக்கு நான் 31 ஆண்டுகளில் எழுதிப்போட்ட உதாரணம் எதுவும் இதற்கு உறைபோடக் காணாது.

சரி, நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறேன்.

ஆங்கிலத்திலேயே மிகச் சின்னச் சொல் எது? 'ஐ'. நான். ஒரே எழுத்து. அதிலும் வழுக்கலாம். மருத்துவமனை உதவியாளராக இருந்த ஒரு பெண் ஐந்தாம் மாதக் கர்ப்பத்தில் வகுப்பில் சேர்ந்தார். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. "வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்" என்றார். பேறுகாலப் பயன் சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது. 12 வாரமாக இருந்த விடுப்பை 2017-இல், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்த்தியிருக்கிறார்கள். அந்த விடுப்பில் இருக்கும் காலத்தில் ஒரு பெண்ணை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. கர்ப்பம் என்பதற்காக விடுப்புக்கு முன்பே நீக்கினாலும் பேறுகாலப் பணம் அவருக்கு உண்டு. இவ்வளவும் நான் சொல்லி முடித்தபோது அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அவரிடம் கையெழுத்து வாங்கிய கடிதத்தின் நகல். 'ஐ' என்று தொடங்குகிறது. என் சொந்த விருப்பத்தின்பேரில், வீட்டுக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்று போகிறது.

அந்த 'ஐ' அவர் எழுதியது இல்லை. யாரோ தட்டச்சு செய்த 'நான்'. ஆனால் கீழே அவர் கையெழுத்து இருக்கிறதே! தானே விலகினார் என்று கடிதம் இருந்தால், நீக்கினார்கள் என்று வாதாடுவது எவ்வளவு கடினம்? நான் வழக்கறிஞர் இல்லை. தொழிலாளர் துறை அலுவலகத்துக்குக் கூடப் போனேன். அதன் பிறகு நடந்தது அவருடைய கதை, நான் சொல்வது முறையாகாது. வகுப்பில் நாங்கள் செய்தது ஒன்றுதான். 'இதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கலாமா?' என்று ஆங்கிலத்தில் கேட்கும் வாக்கியத்தை ஒவ்வொருவரும் இருபது முறை சொன்னோம். பழைய 'மே' இங்கே திரும்ப வருகிறது. பணிவும் இருக்கிறது, தாளும் கைக்கு வருகிறது.

'இஃப்' என்ற சொல்லுக்கு அரசாங்கமே பாடம் அனுப்பியது. 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி, ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. நான்கு நாள் வேலை செய்தால் மூன்று நாள் விடுமுறை என்று விளக்கம் சொன்னார்கள். மறுவாரம் இதையே விவாதமாக வைத்துக்கொள்ளலாம் என்று நான் குறிப்பெடுத்தேன். 24-ஆம் தேதியே மசோதாவை நிறுத்திவைத்துவிட்டார்கள்; மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக அறிவிப்பும் வந்துவிட்டது. பாடம் தயாரிப்பதற்குள் பாடமே போய்விட்டது! ஆனாலும் விவாதம் நடந்தது. மூன்று நாள் விடுமுறை நல்லதுதானே என்று இரண்டு பேர் ஆதரித்தார்கள்; அதில் ஒருவர், "மூன்று நாளும் தூங்குவேன்" என்று ஆங்கிலத்தில் பிழையில்லாமல் சொன்னார். கப்பலூருக்குப் போகிற பெண் எழுந்தார். "இஃப் டுவெல்வ் அவர்ஸ், நோ பஸ்." இலக்கணம் தப்பு, விஷயம் சரி. உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. கடைசி பஸ்ஸை விட்டால் விடியும்வரை பேருந்து நிலையத்தில்தான் உட்கார வேண்டும். 'நான் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்தால் கடைசி பஸ்ஸைத் தவறவிடுவேன்' என்று முழு வாக்கியமாக்கிச் சொல்லவைத்தேன். சொல்லி முடித்ததும், "இப்போது எட்டு மணி நேரம் என்றாலும் ஓவர்டைம் போட்டால் அதே கதைதான் டீச்சர்" என்று தமிழில் சேர்த்துக்கொண்டார். ஆலைகளில் ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம் என்று சட்டத்தில் இருப்பதை அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. பேச விஷயம் இருக்கிறவருக்கு மொழி எங்கிருந்தோ வந்து சேர்கிறது. விமான நிலையப் பாடத்தில் வாய் திறக்காதவர் இவர்.

பஸ் என்றதும் இன்னொன்று. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னபோது ஒரு பெண், "ஐ ஆம் ஃப்ரீ இன் தி பஸ்" என்றாள். டிக்கெட் இலவசம் என்று சொல்ல நினைத்து, பஸ்ஸில் நான் சுதந்திரமாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். திருத்துவதற்குச் சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்தால் யாரும் வேலை சொல்லாத அரைமணி நேரம் அது என்று அவள் விளக்கியதும் பேனாவை மூடிவிட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று விரல் தெரிகிறது. என் கையில் இன்னும் நான்கு தாள் இருக்கிறது. ஓடுகிறேன்.

சம்பளச் சீட்டு. 'டிடக்ஷன்' என்றால் பிடித்தம். யாருக்கும் பிடிக்காத பிடித்தம். 12,000 ரூபாய் சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. என்ற மருத்துவக் காப்பீட்டுக்கு உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம், 90 ரூபாய். முதலாளி போட வேண்டியது 3.25 சதவீதம், 390 ரூபாய். பெரும்பாலான சீட்டுகளில் உங்கள் 90 இருக்கும். அவருடைய 390 கண்ணில் படாது. பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதிக்கு இருவரும் 12 சதவீதம். கைபேசியில் இருப்பைப் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். இதைக் காலாண்டுக்கு ஒருமுறை வகுப்பில் எல்லோரும் சேர்ந்து பார்க்கிறோம்; அன்று மட்டும் யாரும் வகுப்புக்கு வராமல் இருப்பதில்லை.

பணியிடத்தில் பாலியல் தொல்லை பற்றிய 2013-ஆம் ஆண்டுச் சட்டம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். எந்த வேண்டும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். போதிய காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். இதற்கு ஒரு முழு வகுப்பு ஆனது. இங்கே ஒரு மூச்சில் சொல்கிறேன், மன்னிக்க வேண்டும்.

29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கியிருக்கிறார்கள். அவற்றைப் பகுதி பகுதியாக அச்செடுத்து, ஷல் எங்கே, மே எங்கே, இஃப் எங்கே என்று வட்டம் போடும் வேலை இப்போது நடக்கிறது. ஷல்லுக்குச் சிவப்பு, மேக்குப் பச்சை. கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்கு ஐந்து ஆண்டு தொடர் பணி என்ற பழைய கணக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டவர்களுக்கு எப்படி மாறுகிறது என்பதைத்தான் நான்காவது தாளில் எழுதி வைத்திருந்தேன். அதில் 'ஆர்', அதாவது 'அல்லது', என்று ஒரு சின்னச் சொல்... ஒரு விரல்கூட இல்லை, கையையே ஆட்டுகிறார். மணி அடித்துவிட்டது. வணக்கம்.