பேஸ்மேக்கர் வைத்தாயிற்று, நேரம் வைத்தார்களா?

வணக்கம். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருப்பவர்கள் யாராவது இப்போது கேட்டுக்கொண்டிருந்தால் ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவரையும் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வையுங்கள். நான் டாக்டர் இல்லை. செக்கப்புக்கு வருகிறவர்களின் கருவியைச் சோதித்துப் பார்க்கும் டெக்னீஷியன், 18 வருஷமாக இதே வேலை.

வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "பேட்டரி எத்தனை வருஷம் வரும்?" நியாயமான கேள்விதான். ஆனால் "இதில் வைத்திருக்கும் நேரம் என் உடம்புக்குச் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

என்ன நேரம்? ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவருடையது எழும்பும்போதுதான் மற்றவருடையது இறங்க வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் உலக்கையோடு உலக்கை மோதும். இதயமும் அப்படித்தான். மேலறை சுருங்கி ரத்தத்தைக் கீழே தள்ளும், கீழறை அதை வாங்கி நிரப்பிக்கொண்டு உடம்புக்கு அனுப்பும். நல்ல இதயத்தில் இசிஜி எடுத்தால் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே விழும் இந்த இடைவெளி 120 முதல் 200 மில்லிசெகண்டுக்குள் இருக்கும். மேலிருந்து கீழே மின்சாரம் போகும் வழி அடைபட்டவர்களுக்கு இதைக் கருவிதான் பார்த்துக்கொள்கிறது, நாங்கள் அதை ஏவி டிலே என்போம். குறைத்து வைத்தால் மேலறை தள்ளி முடிப்பதற்குள் கீழறை இறுகி, நடுவில் உள்ள வால்வு மூடிக்கொள்ளும். ரொம்பக் கூட்டி வைத்தால் வந்த ரத்தம் காத்துக் கிடக்கும், கொஞ்சம் பின்பக்கம் கசியவும் செய்யும்.

1958 அக்டோபர் 8 அன்று ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்குத்தான் உடம்புக்குள் வைக்கும் முதல் பேஸ்மேக்கரைப் பொருத்தினார்கள். பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் அதை ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து வார்த்தார். சில மணி நேரமே ஓடியது, உடனே இன்னொன்றை வைத்தார்கள். அன்றைய கருவி எதையும் கவனிக்காமல் ஒரே கதியில் தட்டிக்கொண்டிருக்கும். லார்சன் அடுத்தடுத்து 26 கருவிகள் மாற்றி, 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். இன்றைய கருவி இதயம் செய்வதைக் கேட்டுக் கேட்டுத் தட்டுகிறது, எத்தனையோ அளவுகளை நாம் மாற்றிக்கொள்ளலாம். அப்படியிருந்தும் கம்பெனியிலிருந்து வந்த அதே அளவுகளோடு பலர் வருஷக்கணக்கில் நடமாடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஒரு கட்டட மேஸ்திரி வந்தார், 52 வயது. "ரெண்டாவது மாடி வரைக்கும் ஒண்ணும் தெரியாது மேடம், மூணாவது மாடி முதல் படியில யாரோ சுவிட்சை அணைச்ச மாதிரி ஆயிடும்" என்றார். வேறோர் இடத்தில் பார்த்துவிட்டு பேட்டரி நன்றாக இருக்கிறது, லீட், அதாவது கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் ஒயர், நன்றாக இருக்கிறது, பயத்தை விடுங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். நான் அளவுகளைப் பார்த்தேன். மேலறைத் துடிப்பைக் கேட்டதும் 200 மில்லிசெகண்ட் காத்திருந்து கீழறையைத் தட்டுகிறது. தட்டிய பிறகு 300 மில்லிசெகண்ட் மேலறைப் பக்கம் காதைப் பொத்திக்கொள்கிறது, கீழிருந்து திரும்பி ஏறும் மின்சாரத்தைப் புதுத் துடிப்பு என்று நினைத்து ஏமாறாமல் இருப்பதற்காக. கூட்டினால் 500. ஒரு நிமிஷத்துக்கு 60,000 மில்லிசெகண்ட், 500-ஆல் வகுத்தால் 120. துடிப்பு 120-ஐத் தாண்டியதும் இரண்டில் ஒன்று கருவியின் காதில் விழாது. மேலறை 122 துடிக்கும்போது கீழறைக்குக் கிடைப்பது வெறும் 61! படியேறுகிற மனிதருக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் துடிப்பு.

டாக்டரிடம் காட்டி, அவருக்குத் திரும்பி ஏறும் மின்சாரம் இல்லை என்று சோதித்துவிட்டு, 200-ஐ 150 ஆக்கினோம், வேகம் கூடும்போது அது தானாகக் குறையும் வசதியையும் போட்டோம், 300-ஐ 250 ஆக்கி, கருவி கீழறையைத் தட்டும் வேகத்தின் மேல் வரம்பை 140-க்கு ஏற்றினோம். சரி, லிப்ட் பக்கம் போகாமல் மூன்று மாடி ஏறி இறங்கி வாருங்கள் என்றேன். வந்து நின்றார், சட்டை முதுகெல்லாம் வேர்வை, ஆனால் பேச்சு திணறவில்லை. "இன்னொரு தடவை ஏறிட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

இதைக் கேட்டுவிட்டு எல்லாரும் நேரத்தைக் குறைக்கச் சொல்லிவிடாதீர்கள். சிலருக்குச் சொந்த மின்பாதை நன்றாகவே வேலை செய்யும். அவர்களுக்கு நேரத்தை நீட்டி வைத்து, கருவி தேவையில்லாமல் கீழறையைத் தட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வலது கீழறையில் இருக்கும் லீட் தட்டும்போது வலது பக்கம் முந்திக்கொள்ளும், இடது பக்கம் பிந்தும். 2002-இல் வெளிவந்த டேவிட் ஆய்வில், ஆபத்தான துடிப்பு வந்தால் ஷாக் கொடுக்கும் ஐசிடி கருவி வைத்த 506 பேரில் ஒரு பிரிவினருக்கு மேலறை, கீழறை இரண்டையும் நிமிஷத்துக்கு 70 என்ற வேகத்தில் தட்ட வைத்தார்கள், மற்றவர்களுக்கு 40-க்குக் கீழே போனால் மட்டும். இறப்பையும், இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததையும் சேர்த்துப் பார்த்தால், அதிகம் தட்டிய பிரிவில்தான் கூடுதலாக இருந்தது.

இதயம் பலவீனமாகி, இரண்டு கீழறைகளையும் சேர்த்துத் தட்டும் சிஆர்டி கருவி வைத்தவர்களுக்கு நேர்மாறு. அங்கே ஏறக்குறைய ஒவ்வொரு துடிப்பும் கருவியுடையதாகவே இருக்க வேண்டும், 98 சதவீதத்துக்குக் கீழே போனால் ஏன் என்று தேடுவோம். அதனால் ஏவி டிலே குறைவாகத்தான் இருக்கும். எல்லாருக்கும் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், வைத்து நேரம் பிடிக்க வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். 2010-இல் வந்த ஸ்மார்ட் ஏவி ஆய்வில் 980 பேரைப் பார்த்தார்கள்: எல்லாருக்கும் ஒரேயடியாக 120 மில்லிசெகண்ட் என்று வைத்தாலும், எக்கோ பார்த்து வைத்தாலும், கருவியே கணக்குப் போட்டு வைத்தாலும் ஆறு மாதத்தில் இதயத்தின் அளவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் கருவி வைத்தும் மூச்சு வாங்குவது குறையவில்லை என்று வருகிறவர் இருக்கிறாரே, அவருக்காக எக்கோ மேஜையில் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வோர் அளவாக மாற்றிப் பார்க்கத்தான் வேண்டும்.

அடுத்த செக்கப்புக்கு வரும்போது கருவி அட்டையை எடுத்துக்கொண்டு வாருங்கள். "ஒரு மாதிரி இருக்கு" என்று மட்டும் சொல்லாமல், எத்தனையாவது படியில், எவ்வளவு தூரம் நடந்த பிறகு, படுத்தால் கழுத்தில் துடிக்கிறதா, இதையெல்லாம் சொல்லுங்கள். மேஸ்திரி அந்த மூன்றாவது மாடி முதல் படியைச் சொன்னதால்தான் எனக்கு 120 என்ற எண் பிடிபட்டது. நன்றி, வணக்கம்.