போர் தொடங்கிய ஊரில் ஓய்வுக்கு ஓர் இடம்

(மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், வீரர்கள் தினத்தை ஒட்டிக் கோயில் மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, கோயில் கமிட்டியினரே, தோட்டங்களிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, என்னோடு சீருடை போட்ட சகோதரர்களே, வணக்கம்.

காலையில் பசியாறப் போன இடத்தில் ஒரு தம்பி கேட்டார்: "அங்கிள், வீரர்கள் தினம் ஏன் ஜூலை 31-ல வருது?" நல்ல கேள்வி. அதற்குப் பதில் இந்த ஊரிலிருந்துதான் தொடங்குகிறது. 1948 ஜூன் 16 காலையில் இங்கே எல்பில் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையைக் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் சுட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பின் சூன் தோட்டத்தில் இன்னும் இரண்டு பேர். அவசரகாலம் என்று நாம் சொல்லும் அந்தப் போர் அப்படித்தான் பிறந்தது. சில நாட்களில் நாடு முழுவதற்கும் பரவி, 12 ஆண்டுகள் நீடித்து, 1960 ஜூலை 31-ல் முடிந்தது. அந்த நாளைத்தான் வீரர்களுக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

ஆனால் காட்டில் அது முடியவில்லை. 1968 ஜூன் 17-ல் தாய்லாந்து எல்லையில் குரோ பக்கத்தில் நம் படையினர் 17 பேரை ஒரே தாக்குதலில் கொன்றார்கள். மறுபடியும் 21 வருடம். 1989 டிசம்பர் 2-ல் தாய்லாந்தின் ஹாட்யாயில் சமாதானக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் துப்பாக்கிகள் ஓய்ந்தன. நான் ரேஞ்சர் படையில் சேர்ந்தது 1977-ல். கிரிக்கிலிருந்து ஜெலிக்கு மலையைக் குடைந்து சடக்கு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. புல்டோசர் முன்னால் போகும், அதைச் சுற்றி நாங்கள் காவலுக்குப் போவோம். 1982-ல் அந்தச் சடக்கைத் திறந்தார்கள். இன்று நீங்கள் கோத்தா பாருவுக்குக் காரில் போகிற வழி அதுதான்.

இன்று நான் பேச வந்தது சண்டையைப் பற்றி அல்ல. சண்டை முடிந்து வீடு திரும்புகிறவன் எந்த வீட்டுக்குத் திரும்புகிறான் என்பதைப் பற்றி.

நான் தோட்டத்துப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள். எங்களுக்கு எட்டு வீட்டு லயத்தில் ஆறாவது வீடு. அது எங்கள் வீடு என்றுதான் நினைத்து வளர்ந்தேன். அப்பா வேலையை விட்டதும் சாவியைக் கேட்டார்கள். வேலை இருக்கிற வரைதான் வீடு, தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். அப்போது நான் கேம்பில் இருந்தேன். கேம்பில் எனக்கும் ஒரு வீடு கொடுத்திருந்தார்கள், சுவரில் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தோம். 21 வருடம் முடிந்து, பென்சனோடு வெளியே வந்தபோது எனக்கு 40 வயது. அந்தச் சாவியையும் கேட்டார்கள். யாரையும் குறை சொல்லவில்லை, விதி அப்படி. ஆனால் ஒரே மனிதன் லயத்து வீட்டையும் இழந்து, கேம்ப் வீட்டையும் இழந்து நிற்பது தோட்டத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவனுக்கு மட்டும் நடக்கிற ஒன்று. பென்சனுக்கு வேண்டிய 21 வருடம் முடியாமல் வந்தவர்களின் கதை இதைவிடக் கடினம். இந்த மண்டபத்திலேயே அவர்கள் சிலர் இருக்கிறார்கள்.

பின்வரிசையில் ஓர் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்றார், சொல்லவில்லை. அவருடைய வலது கால் கணுக்காலுக்கு மேலே இல்லை. 'பெரியோக் ஆப்பி' என்போம் நாங்கள், கண்ணிவெடி. இப்போது ஒரு மலிவு விலை அடுக்குமாடியில் நான்காவது மாடியில் இருக்கிறார். லிஃப்ட் இல்லை. போன மாதம் போயிருந்தேன். செயற்கைக் காலைக் கழற்றிக் கதவோரம் சாத்தி வைத்திருந்தார், அதில் காலுறையும் சப்பாத்தும் மாட்டியபடியே. ஏன் கழற்றவில்லை என்றேன். "தம்பி, ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் இறங்குவேன். எதுக்குக் கழட்டி மாட்டணும்?" என்றார். தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி மெர்சுன், பட்டாசு வெடிக்கத் தொடங்கினால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்துகொள்வாராம். அண்ணி சொன்னார். அவர் சொல்லமாட்டார்.

அப்போது பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், நல்ல மனிதர், அக்கறையோடு சொன்னார்: "இவரை எங்கயாச்சும் அமைதியான இடத்துல கொண்டுபோய் விட்டா நல்லது." அந்த வார்த்தை என்னை விடவே இல்லை. அமைதியான இடம் என்றால் எது?

சத்தமே இல்லாத இடத்தில் நாங்கள் வருடக்கணக்காக இருந்திருக்கிறோம். காட்டில் சில்வண்டு ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும். என் செக்‌ஷனில் இருந்த, சரவாக்கின் ஈபான் இனத்துத் தோழர் முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார்: அது கத்துகிற வரை நீ பிழைத்திருப்பாய், சட்டென்று நின்றால் படுத்துக்கொள், யாரோ நடக்கிறார்கள். இன்றைக்கும் ராத்திரியில் ஃபேன் நின்றுபோனால் எனக்கு விழிப்பு வந்துவிடும். கரண்ட் போய்விட்டது என்று மனசுக்குப் புரிவதற்குள் கை எதையோ தேடும். இப்படிப்பட்டவனை ஆள் அரவமில்லாத ஒரு மூலையில் கொண்டுபோய் வைத்தால் அவனுக்கு அது ஓய்வு இல்லை, மறுபடியும் காவல்.

எங்களுக்கு வேண்டியது எந்தச் சத்தம் எதனுடையது என்று தெரிகிற இடம். கோழி கூவுவது, கோயில் மணி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இரைச்சல், ரொட்டிக்காரரின் ஹாரன். நம் தோட்டங்களில் விடியற்காலை பிரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்க, தண்டவாளத்தைத் தட்டும் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஊரிலிருந்து மூன்று கட்டை, அதாவது மூன்று மைல் தூரத்தில் இரண்டு வரிசை லயங்கள் காலியாகக் கிடக்கின்றன. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டார்கள், ஆட்களும் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயாக் கொட்டகையின் தூண்கள் இன்னும் இருக்கின்றன. கூரை மாற்ற வேண்டும், படிக்குப் பதிலாகச் சரிவுப் பாதை போட வேண்டும், கழிப்பறையில் பிடித்து எழும்பக் கம்பி வைக்க வேண்டும். அப்புறம் வீட்டுக்கு வீடு ஒரு துண்டு நிலம், மரவள்ளியோ சாவிக் கீரையோ போட. ஊர் ஆஸ்பத்திரி பக்கம். ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர். படை ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்றால் லுமுட். தமிழருக்கு மட்டும் என்று நான் கேட்கவில்லை. மலாய்க்காரர், சீனர், ஈபான், ஒரே மெஸ் டின்னில் சோறு தின்ற எவரும் வரலாம். மனைவி மக்களோடு வர வேண்டும்.

இது புதிய யோசனை இல்லை. முதல் உலகப் போர் முடிந்ததும் இங்கிலாந்தில் செய்தார்கள். 1919-ல் எனம் என்ற கிராமத்தில், கை கால் போனவர்களுக்குப் பயிற்சியும் பட்டறை வேலையும் சேர்த்து ஒரு குடியிருப்பு. 1924-ல் லங்காஸ்டர் நகரத்தை ஒட்டி வெஸ்ட்ஃபீல்டு நினைவுக் கிராமம். வெறும் சிலை வைத்து முடித்துக்கொள்ளாமல் வீடு கட்டினார்கள். குடும்பத்தோடு வாழும்படி தோட்டம் வைத்த சின்னச் சின்ன வீடுகள். நூறு வருடம் கழித்தும் முன்னாள் வீரர்கள் அங்கே குடியிருக்கிறார்கள்.

நம் பாட்டன்மாரும் இதைச் செய்தவர்கள்தான். விழுந்தவனுக்கு நடுகல் நட்டதோடு நிற்கவில்லை, அவன் குடும்பத்துக்கு நிலம் கொடுத்தார்கள். நெய்த்தோர்ப்பட்டி என்று அதற்குப் பெயர். நெய்த்தோர் என்றால் இரத்தம். கல்லில் வெட்டியே வைத்திருக்கிறார்கள்.

நிலத்துக்குப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் சுங்கை சிப்புட்டில் நின்றுகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்கும்போது ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. இந்த ஊரில் பிறந்து, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள், தொழிலாளிகள் தெருவுக்கு வந்தார்கள். அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகக் கேட்டார். 1960-ல் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கம் உருவானது. பால் வெட்டினவர்களின் காசில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தையே வாங்கினார்கள். நான் கேட்பது ஒரு தோட்டம் இல்லை. இரண்டு வரிசை லயம்.

தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். முன்னாள் படையினர் விவகார இலாகாவுக்கும் எழுதப்போகிறோம். எழுதினால் முதலில் அவர்கள் கேட்பது, எத்தனை பேர், என்ன வயது, யாருக்கு என்ன உடல் குறை என்பதுதான். அது நம் கையில் இல்லாமல் போனால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஆகவே இன்றைக்கு அந்தக் கணக்கை எடுக்க வேண்டும். தோட்டத்திலிருந்து வந்திருக்கும் அம்மாமார்கள் உங்கள் பக்கத்தில், உங்கள் தாமானில், உங்கள் கம்பத்தில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். கதவைத் திறக்காமல் உள்ளேயே இருக்கிறவர்களை உங்களுக்குத்தான் தெரியும்.

வாசல் பக்கத்து மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம், பேனாவை நூலில் கட்டியிருக்கிறோம். பெயர், படைப்பிரிவு, எந்த வருடம் வெளியே வந்தீர்கள், இப்போது எங்கே இருக்கிறீர்கள், அவ்வளவுதான். முதல் வரியை அண்ணன் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே எழுதிவிட்டார். மூன்று கட்டங்களை நிரப்பிவிட்டு நான்காவதைக் காலியாக விட்டிருக்கிறார்.