கடைக்காரரே இல்லாத கடை! இவானா என்ற குட்டி ஊரில் இது எப்படி நடக்கிறது?

[திரையில்: கடலோரச் சாலை, பக்கத்தில் சின்னதாக ஒரு கடை]

வணக்கம் மக்களே! இந்தக் கடையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். காபி இருக்கிறது, பிஸ்கட் இருக்கிறது, குளிர்பானம் இருக்கிறது, ஊர் ஞாபகமாக வாங்கிப் போகச் சின்னச் சின்னப் பொருட்களும் இருக்கின்றன. விற்க மட்டும் ஆள் கிடையாது. வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளலாம், என்ன எடுத்தீர்கள் என்று அங்கிருக்கும் நோட்டில் உங்கள் கையாலேயே எழுதலாம், விலையைப் பார்த்துப் பணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுக் கிளம்பலாம். 1995ல் தொடங்கிய கடை இது. தொடங்கியவர் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை. அவருக்கும் கணவருக்கும் நிலத்தில் வேலை இருந்தது, நாள் முழுக்கக் கடையில் உட்கார முடியாது, அதனால் கடையைத் திறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். அவ்வளவுதான்.

இதைப் பற்றி வரும் வீடியோக்கள் பெரும்பாலும் "அடடா, எவ்வளவு வெள்ளந்தியான மக்கள்!" என்று சொல்லி முடித்துவிடும். எனக்கு அந்தப் பேச்சில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. அந்த மக்கள் ஏமாளிகள் கிடையாது. புயலுக்கு நடுவில், பக்கத்து வீட்டுக்காரரின் கை இல்லாமல் பிழைக்கவே முடியாத இடத்தில் பல தலைமுறையாக வாழ்ந்தவர்கள். ஆள் இல்லாத கடை அந்த வாழ்க்கையிலிருந்து வந்தது என்பது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதுதான் இந்த வீடியோ.

[வரைபடம்]

சரி, ஊர் எங்கே இருக்கிறது என்று வேகமாகப் பார்த்துவிடுவோம். ஃபிலிப்பைன்ஸின் வடக்கு எல்லையில், லூசோன் தீவையும் தாண்டிக் கடலுக்குள் போனால் பட்டானேஸ் என்ற மாகாணம் வரும். நாட்டிலேயே மக்கள்தொகையில் மிகச் சிறிய மாகாணம் அதுதான், 2020 கணக்கெடுப்பில் மொத்தமே 18,831 பேர். லூசோனை விடத் தைவான் கிட்டே இருக்கிறது. ஆறு ஊராட்சிகள், அதில் ஒன்று நம் இவானா. அங்கே 1,407 பேர். நம் ஊர்ப் பக்கம் ஒரு பெரிய மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இதை விட அதிகம் இருப்பார்கள்! மக்களுக்கு இவத்தான் என்று பெயர். பூண்டு, வள்ளிக்கிழங்கு, மாடு, மீன், இவைதான் பிழைப்பு. ஸ்பெயின்காரர்கள் 1783ல் இங்கே அதிகாரத்துக்கு வந்தார்கள், குன்றுகளின் மேல் இருந்தவர்களைக் கீழே இறக்கி ஊர் ஊராகக் குடியேற்றினார்கள். எதிரே இருக்கும் சப்தாங் தீவில் அமான் தங்காத் என்ற தலைவர் 1791ல் எதிர்த்து நின்றார், அவரைக் கொன்றுவிட்டு அந்தத் தீவின் மக்களை இவானா பக்கம் கொண்டுவந்து வைத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அவர்கள் வாரிசுகள் திரும்பிப் போக முடிந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

இல்லை, இல்லை, ஒன்றே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த கதை இது.

[பழைய பாய்மரக் கப்பலின் ஓவியம்]

1687. ஸ்பெயின்காரர்கள் வருவதற்கு ஏறக்குறைய நூறு வருடம் முந்தி. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி ஒரு கடற்கொள்ளைக் கப்பலில் இந்தத் தீவுகளுக்கு வந்து சேர்கிறார். மக்கள் இவர்களைத் துரத்தவில்லை. ஆடு, பன்றி, கிழங்கு எல்லாம் கொடுத்து இரும்பு வாங்கிக்கொண்டார்கள். கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் புளிக்கவைத்த ஒரு பானமும் கொடுத்தார்கள். கப்பல்காரர்களுக்கு அது எவ்வளவு பிடித்துப்போனது என்றால், அந்தப் பானத்தின் பெயரையே ஒரு தீவுக்கு வைத்துவிட்டார்கள்! அப்புறம் செப்டம்பர் மாதக் கடைசியில் பெரும் புயல். கப்பல் கடலுக்குள் அடித்துக்கொண்டு போய்விட்டது, ஆறு பேர் கரையில் மாட்டிக்கொண்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஆறே ஆறு அந்நியர்கள். அவர்களுடைய துப்பாக்கிக் கப்பல் கண்ணிலேயே இல்லை. இனி அவர்களுக்குப் பயப்பட எந்தக் காரணமும் கிடையாது. அந்த மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முன்பு இருந்ததை விட அன்பாக நடத்தினார்கள். எங்களைப் போலவே முடியை வெட்டிக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒரு பெண்ணைக் கட்டிவைக்கிறோம், சீதனமாக ஒரு கைக்கோடரியும் விவசாயக் கருவிகளும் தருகிறோம், இங்கேயே இருந்துவிடுங்கள் என்று கேட்டார்கள். சில நாளில் கப்பல் திரும்பி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டது. டாம்பியர் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். நான் இதைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன், ஏனென்றால் அவர்கள் கொடுக்க வந்தது ஒரு நேரச் சாப்பாடு இல்லை, நிலத்தில் வேலை செய்யும் ஒரு குடும்பஸ்தனின் இடம். ஆள் குறைவான தீவில் கூடுதலாக ஆறு ஜோடிக் கைகள் வந்தால் அதன் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

[கல் வீடு, தடித்த புல் கூரை]

இப்போது வீட்டுக்கு வருவோம். பட்டானேஸ் என்றாலே எல்லோரும் படம் எடுப்பது இந்தக் கல் வீடுகளைத்தான். சுவரின் தடிமன் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வரை போகும். சுண்ணாம்புக் கல்லும் பவளக் கல்லும் வைத்துச் சுண்ணாம்புச் சாந்து பூசிக் கட்டியவை. மூன்று பக்கம்தான் ஜன்னல், காற்று ஆவேசமாக மோதும் பக்கம் வெறும் சுவர். இவானாவில் 1887ல் கட்டிய ஒரு வீடு இருக்கிறது, டக்காய் வீடு என்பார்கள். இவானா போகிறவர்கள் கட்டாயம் போய்ப் பார்ப்பது அதைத்தான்.

இதைப் பல பேர் ஆதிகாலத்து வீடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். டாம்பியர் பார்த்த வீடுகளோ கட்டையும் கம்பும் வைத்துப் பின்னிய மிகத் தாழ்வான வீடுகள், பக்கச் சுவர் நாலரை அடிதான். சாந்து பூசிக் கட்டும் முறை ஸ்பெயின்காரர்கள் காலத்தில் வந்தது. ஆனால் மேலே இருக்கிறதே கூரை, என்னைக் கேட்டால் விஷயமே அதில்தான் இருக்கிறது.

கோகோன் என்று ஒரு உயரமான புல். அதை அறுத்து, காயவைத்து, கட்டுக் கட்டாகச் சேர்த்து, அடுக்கு மேல் அடுக்காக நெருக்கிக் கட்டி வேய்கிறார்கள். ஒழுங்காக வேய்ந்தால் பல வருடம் தாங்கும். புயல் வருகிறது என்று தெரிந்தால் கூரைக்கு மேல் பெரிய கயிற்று வலையைப் போட்டு இழுத்துத் தரையோடு கட்டிவிடுவார்கள். இப்போது சொல்லுங்கள், ஒரு குடும்பத்தில் இருக்கும் நாலு பேர் இந்தக் கூரையை வேய முடியுமா? முடியவே முடியாது. ஒருவர் அறுக்க, ஒருவர் சுமக்க, ஒருவர் கட்ட, ஒருவர் மேலே ஏறி நிற்க, ஊரே வந்தால்தான் வேலை முடியும். கூலி கிடையாது. வீட்டுக்காரர் சாப்பாடு போட வேண்டும், அடுத்த முறை உங்கள் கூரைக்கு அவர் வர வேண்டும். நிலத்திலும் இதே கதைதான், பாயுவான் என்று ஒரு முறை இருக்கிறது, இன்றைக்கு உங்கள் நிலம், அடுத்து என் நிலம் என்று குழுவாக முறை வைத்து வேலை செய்வது.

அடுத்த மாதம் என் கூரைக்கு வந்து நிற்கப் போகிறவர் வைத்திருக்கும் கடையில் நான் ஒரு பிஸ்கட்டைத் திருடுவேனா? அப்படித் திருடி, ஊரில் பெயர் கெட்டு, புயல் நேரத்தில் வலையின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் போனால்? நல்ல குணமும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் குணத்துக்கு அடியில் இப்படி ஒரு கணக்கு பல தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு வெறும் வெள்ளந்தி என்று சொன்னால் அவர்கள் உழைப்பை நாம் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். வெளியூரிலிருந்து வரும் பயணிகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது, ஆனாலும் கடை நடக்கிறது. எடுத்ததைத் தன் கையாலேயே எழுத வேண்டும் என்பது பெரிய விஷயம் என்று நினைக்கிறேன், எழுதும்போது மனசு தானாக நேராகிவிடும்.

புயல் பற்றி ஒரு வார்த்தை. ஃபிலிப்பைன்ஸில் வானிலை அறிக்கை கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பட்டானேஸ் என்றாலே புயல்தான். வடக்கே போகும் புயல்களைப் "பாஸ்கோவிலிருந்து இத்தனை கிலோமீட்டர்" என்று சொல்வார்கள், மாகாணத் தலைநகரான பாஸ்கோவில் வானிலை நிலையம் இருப்பது அதற்குக் காரணம். அதற்காகப் புயல் வராத ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். 2016 செப்டம்பரில் மெராந்தி புயலின் கண்ணே இதே மாகாணத்தின் இத்பயாத் தீவின் மேல் போனது. 2024 செப்டம்பர் கடைசியிலும் பலத்த அடி.

[இடைவெளி]

காற்றை ஜெயித்த அதே சுவர் நிலநடுக்கத்தில் தோற்றுவிட்டது. 2019 ஜூலை 27, விடியாத நேரம், இத்பயாத்தில் பூமி அதிர்ந்தது. ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், கல் வீடுகள் சரிந்தன, ஒன்பது பேர் இறந்துபோனார்கள். இந்த வீடுகள் அழகு, இப்படியே இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் நாம் இதை நினைக்க வேண்டும். ஒருவர் கம்பி போட்டு, கான்கிரீட் போட்டு, தகரக் கூரை போட்டுப் பத்திரமாகத் தூங்க நினைத்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் தகரத்துக்கு ஊர் கூட வேண்டியதில்லை. நாலு கூலியாள் போதும். புல் கூரை குறையக் குறைய, வேயத் தெரிந்தவர்களும் குறைகிறார்கள், சேர்ந்து வேலை செய்ய ஒரு காரணமும் குறைகிறது. 2016ல் பட்டானேஸுக்கென்றே பொறுப்பான சுற்றுலாவுக்கு ஒரு தேசியச் சட்டம் போட்டார்கள், நல்லதுதான். சட்டம் பயணிகளை ஒழுங்குபடுத்தும், கூரைக்கு ஆளைக் கூப்பிடாது.

[துறைமுகம், படகு]

படகையும் பார்த்துவிடுங்கள். இவானா துறைமுகத்திலிருந்து சப்தாங்குக்குப் போகும் இந்தப் படகுக்கு ஃபலுவா என்று பெயர். ஃபிலிப்பைன்ஸில் மற்ற இடங்களில் படகு என்றால் இரண்டு பக்கமும் மூங்கில் தாங்கிகள் நீட்டிக்கொண்டிருக்கும். இதில் கிடையாது! இங்கே கடல் அவ்வளவு முரடு. உருண்ட அடிப்பாகத்தோடு அலையோடு அலையாக உருண்டு போகிறது. முதல் தடவை ஏறுகிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

போக நினைப்பவர்களுக்கு: மணிலாவிலிருந்து பாஸ்கோவுக்கு விமானம் இருக்கிறது, அங்கிருந்து கடலோரச் சாலையில் தெற்கே வந்தால் இவானா. மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் கடல் கொஞ்சம் அடங்கியிருக்கும். வானிலை மோசமானால் விமானமும் படகும் ரத்தாகும், திரும்பும் தேதிக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்து இதைப் பார்க்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கூட வேலை செய்யும் ஃபிலிப்பினோ நண்பரிடம் பட்டானேஸ் போயிருக்கிறீர்களா என்று கேளுங்கள். அவர்களில் நிறைய பேருக்கே அது கனவு ஊர், டிக்கெட் விலை அப்படி. யாராவது அந்தப் பக்கத்துக்காரர் கிடைத்தால், அவர் வீட்டில் கடைசியாகப் புல் கூரை எப்போது வேய்ந்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டு கமெண்டில் எழுதுங்கள். அடுத்த வீடியோவை அதை வைத்தே செய்துவிடுகிறேன்.