பதில் வந்த பிறகு என்ன செய்தார்கள்?

வணக்கம் நேயர்களே.

ஒரு கப்பலின் மேல்தளத்தில் மாலுமி ஒருவர் நிற்கிறார். கையில் கயிறு கட்டிய கேன்வாஸ் வாளி. அதைக் கடலில் வீசித் தண்ணீரை மொண்டு மேலே இழுக்கிறார். வெப்பமானியை அதற்குள் விட்டுக் கொஞ்சம் பொறுத்து அளவைப் பார்க்கிறார், குறிப்பேட்டில் எழுதுகிறார். நூறு ஆண்டுகளுக்கு முன்பு கடலின் வெப்பநிலையைப் பெரும்பாலும் இப்படித்தான் அளந்தார்கள்.

அந்த வாளியில் ஒரு சிக்கல் இருந்தது. ஈரத்துணியில் காற்று பட்டால் குளிரும் அல்லவா? வாளி மேலே வந்து சேர்வதற்குள் தண்ணீர் கொஞ்சம் ஆறிவிடும். கடல் இருந்ததைவிடக் குளிர்ச்சியாகக் குறிப்பேட்டில் ஏறிவிடும். பின்னாளில் எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் நீரை அளந்தார்கள். அது எஞ்சின் அறைச் சூட்டில் சற்றுக் கூடுதலாகவே காட்டும். இரண்டாம் உலகப் போரின்போது நமக்குக் கிடைத்த அளவுகளில் பெரும்பகுதி அமெரிக்கக் கப்பல்களின் எஞ்சின் நீர் அளவுகள். 1945-ல் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கப்பல்களின் வாளி அளவுகள் பெருகின. உடனே வரைபடத்தில் உலகமே ஏறத்தாழ 0.3 டிகிரி குளிர்ந்துவிட்டதுபோல ஒரு சரிவு! அந்தச் சரிவுக்குக் காரணம் கடல் அல்ல, அளந்த விதம்தான் என்று டேவிட் தாம்ப்சனும் அவரது குழுவினரும் எடுத்துக்காட்டியது 2008-ல்தான்.

இந்த வாளியை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. “பழைய வெப்பநிலைக் கணக்குகளைத் திருத்துகிறார்கள், பூமி சூடாவதாகக் காட்டத் தில்லுமுல்லு செய்கிறார்கள்” என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். திருத்துகிறார்கள் என்பது உண்மை. எந்தப் பக்கமாகத் திருத்துகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். வாளி குறைத்துக் காட்டிய பழைய அளவுகளை உயர்த்துகிறார்கள். பழையதை உயர்த்தினால் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள இடைவெளி குறையும்தானே? நிலம், கடல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், திருத்திய கணக்கு காட்டும் நூற்றாண்டு வெப்ப உயர்வு, திருத்தாத கணக்கு காட்டுவதைவிடக் குறைவு.

நான் பல ஆண்டுகள் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். ஒரு நாள் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, “பூமி சூடாவதற்கு மனுஷங்கதான் காரணம்ங்கறதை முப்பத்தோராயிரம் விஞ்ஞானிகள் மறுத்துக் கையெழுத்துப் போட்டிருக்காங்களே சார், அவங்க எல்லாரும் தப்பா?” என்று கேட்டார். “97 சதவீத ஆய்வாளர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள், உட்காரும்மா” என்றேன். அந்தப் பதில் இன்றும் என்னை உறுத்துகிறது. அவர் தலைகளை எண்ணிக் கேட்டார், நானும் தலைகளை எண்ணிப் பதில் சொல்லிவிட்டேன். ஓர் இயற்பியல் ஆசிரியன் அப்படிச் செய்திருக்கக் கூடாது. மறுத்தவர்கள் எதை மறுத்தார்கள், அதற்கு என்ன பதில் கிடைத்தது, பதில் வந்த பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்று அந்தப் பெண்ணை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அன்று சொல்லாததை இன்று சொல்லிப்பார்க்கிறேன்.

1896-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வாந்தே அர்ரேனியஸ், காற்றில் கரியமில வாயு இருமடங்கானால் பூமியின் வெப்பம் 5, 6 டிகிரி கூடும் என்று கணக்கிட்டார். நான்கே ஆண்டுகளில் அவரது நாட்டுக்காரர் நூட் ஆங்ஸ்ட்ரோம் எதிர்ப்புத் தெரிவித்தார். வெறும் வாய்ப்பேச்சு அல்ல, சோதனையே செய்தார். ஒரு குழாயில் கரியமில வாயுவை அடைத்து ஒரு முனையிலிருந்து வெப்பக் கதிரைச் செலுத்தினார்கள். பிறகு வாயுவின் அளவைக் குறைத்துப் பார்த்தார்கள். மறுமுனைக்கு வந்த கதிரில் பெரிய மாற்றமே இல்லை. அதாவது, இருக்கிற வாயுவே தடுக்க வேண்டியதையெல்லாம் தடுத்துவிட்டது, இனி எவ்வளவு சேர்த்தாலும் ஒன்றும் ஆகாது. அரை நூற்றாண்டுக் காலம் பலர் இதைத்தான் நம்பினார்கள். நான் அந்தக் காலத்தில் இருந்திருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

காற்று ஒரே குழாய் அல்ல என்பதில்தான் விடை இருந்தது. தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிர் நேராக விண்வெளிக்குப் போவதில்லை. ஓர் அடுக்கு அதை வாங்கி மறுபடி வெளியிடும், அடுத்த அடுக்கு அதை வாங்கும். இப்படியே மேலே போய், காற்று மெலிந்த உயரத்திலிருந்துதான் கடைசியாகத் தப்பிக்கும். கரியமில வாயு கூடினால் அந்தத் தப்பிக்கும் உயரமும் இன்னும் மேலே போகும். மேலே போகப் போகக் குளிர். குளிர்ந்த காற்று குறைவாகத்தான் வெப்பத்தை வெளிவிடும். உள்ளே வருவது வந்துகொண்டே இருக்க, வெளியே போவது குறைந்தால், கணக்கு நேராகும்வரை கீழே சூடேற வேண்டியதுதான். 1956-ல் இயற்பியலாளர் கில்பர்ட் பிளாஸ் இதைக் கணினியில் அடுக்கடுக்காகக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆங்ஸ்ட்ரோமின் கேள்வி நல்ல கேள்வி. அதற்குப் பதில் கிடைத்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்றும் அதைப் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலக் கேட்பவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வருத்தம்.

“தனி ஒருவர் சொல்வது சரியாக இருக்கக் கூடாதா?” என்று கேட்பார்கள். இருக்கலாம், இருந்தும் இருக்கிறது. 1938-ல் கை கேலண்டர் என்ற நீராவிப் பொறியாளர் லண்டனில் ராயல் வானிலையியல் கழகத்தின் முன்னால் வந்து நின்றார். அவர் வானிலை நிபுணரே அல்ல. 147 நிலையங்களின் வெப்பப் பதிவுகளைச் சேகரித்துக் கையாலேயே கணக்குப் போட்டு, பூமி சூடாகிறது, காரணம் நாம் எரிக்கும் எரிபொருள் என்றார். நிபுணர்கள் நம்பவில்லை. அன்று மாற்றுக்கருத்து என்பது இதுதான்! 1958-ல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கருவியை நிறுத்தி அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 315 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. கேலண்டர் வென்றது தனியாக நின்றதால் அல்ல, பிறர் சரிபார்க்கக்கூடிய கணக்கை மேசையில் வைத்ததால்.

இப்போது அண்மைக் காலத்துக்கு வருவோம். 1990-ல் ராய் ஸ்பென்சர், ஜான் கிறிஸ்டி என்ற இரண்டு ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் அளவுகளை வெளியிட்டார்கள். தரையில் வெப்பமானிகள் சூடு ஏறுவதாகச் சொல்ல, இவர்கள் கணக்கில் காற்று மண்டலம் குறிப்பிடும்படி சூடாகவில்லை. எல்லாரையும் நிமிர்ந்து உட்காரவைத்த கேள்வி அது. 1998-ல் ஃபிராங்க் வென்ட்ஸும் மத்தியாஸ் ஷாபலும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள்: செயற்கைக்கோள்கள் சுற்றுப்பாதையில் மெல்ல மெல்லக் கீழே இறங்குகின்றன, அது போலியான குளிர்ச்சியைக் காட்டுகிறது. 2005-ல் இன்னொரு பிழை வெளிப்பட்டது. செயற்கைக்கோள் ஓர் இடத்தைக் கடக்கும் நேரம் ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போகும், அதற்காகச் செய்த திருத்தத்தில் கூட்டல் கழித்தல் குறி மாறிப்போயிருந்தது. ஸ்பென்சரும் கிறிஸ்டியும் அந்தப் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தினார்கள். அவர்களது கணக்கே இன்று பத்தாண்டுக்குச் சுமார் 0.15 டிகிரி உயர்வைக் காட்டுகிறது. இனி எவ்வளவு சூடாகும் என்பதில் அவர்கள் இன்னும் மற்றவர்களோடு முரண்படுகிறார்கள். முரண்படட்டும். பிழையை ஒப்புக்கொண்ட அந்த இடத்தை நான் மதிக்கிறேன்.

ரிச்சர்ட் முல்லரை இன்னும் கூடுதலாக மதிக்கிறேன். தரை நிலையங்களின் கணக்கையே நம்பாத இயற்பியலாளர் அவர். நகரங்கள் வளர்ந்ததால் வெப்பமானிகள் ஏமாற்றுகின்றனவோ என்று சந்தேகப்பட்டவர். 2010-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஒரு குழுவைச் சேர்த்து எல்லாப் பதிவுகளையும் தொடக்கத்திலிருந்து தானே ஆராய்ந்தார். பழைய கணக்கு சரிதான் என்று தெரிந்தது. 2012-ல் அதைப் பகிரங்கமாக எழுதினார், காரணம் மனிதர்கள்தான் என்றும் சேர்த்தே எழுதினார்.

அண்டவெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள்தான் மேகங்களை ஆட்டிவைக்கின்றன, அந்தக் கதிர்களைக் கூட்டிக் குறைப்பது சூரியன், ஆகவே சூரியன்தான் காரணம் என்று டென்மார்க்கின் ஹென்ரிக் ஸ்வென்ஸ்மார்க் சொன்னார். அதையும் ஒதுக்கவில்லை. ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அதற்கென்றே ஓர் அறை கட்டிச் சோதித்தார்கள், விளைவு மிகச் சிறியது என்று தெரிந்தது. சூரியன்தான் காரணமென்றால் காற்றின் மேலடுக்கும் சூடாக வேண்டும். ஆனால் கீழே சூடாக, ஸ்ட்ராடோஸ்பியர் என்ற அந்த மேலடுக்கு குளிர்ந்துகொண்டிருக்கிறது. கரியமில வாயு கூடினால் அப்படித்தான் ஆகும் என்று மனாபே, வெதரால்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1967-லேயே சொல்லியிருந்தார்கள்.

சரி, மறுத்தவர் சரியாகவும் நிறுவனம் தவறாகவும் இருந்ததே இல்லையா? இருந்தது. காலநிலை மாற்றம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து அறிக்கை தரும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் 2007 அறிக்கையில் இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஒரு வரி. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் முன்னாள் அதிகாரி வி.கே. ரைனா 2009-ல், அப்படிப்பட்ட வேகத்துக்குச் சான்றில்லை என்று எழுதினார். ஐபிசிசியின் அன்றைய தலைவர் ராஜேந்திர பச்சௌரி அதை மாந்திரீக அறிவியல் என்று சொல்லித் தள்ளினார். 2010 ஜனவரியில் அந்த வரிக்கு ஆதாரமில்லை என்று ஐபிசிசியே ஒப்புக்கொண்டது. பனியாறுகள் சுருங்குவது உண்மை, பின்னால் வந்த அளவுகள் அதை உறுதியாகக் காட்டுகின்றன. ஆனால் அந்த ஆண்டு தவறு. காரணம் கேட்டவருக்குக் காரணம் சொல்லாமல் பெயர் சூட்டியது அதைவிடப் பெரிய தவறு. நான் என் மாணவிக்குச் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

ஆனால் அவர் சொன்ன அந்த முப்பத்தோராயிரம் கையெழுத்து இந்த வகையில் சேராது. 1998-ல் தொடங்கிய மனு அது. அறிவியலில் இளங்கலைப் பட்டம் இருந்தாலே போதும், பொறியாளரும் கையெழுத்திடலாம், கால்நடை மருத்துவரும் கையெழுத்திடலாம். அதற்கு முகப்புக் கடிதம் எழுதியவர் பிரெடரிக் சைட்ஸ், அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் முன்னாள் தலைவர். மனுவோடு தனக்குத் தொடர்பில்லை என்று அந்தக் கழகம் அறிவித்தது. சைட்ஸ் அதற்கு முன் ஒரு சிகரெட் நிறுவனத்தின் ஆய்வு நிதித் திட்டத்துக்கு ஆலோசகராக இருந்தவர். 1969-ல் இன்னொரு சிகரெட் நிறுவனத்தின் உள் குறிப்பில் ஒரு வரி உண்டு: “சந்தேகம்தான் நமது சரக்கு.” எக்ஸான் எண்ணெய் நிறுவனத்துக்குள் அதன் விஞ்ஞானிகள் 1977 முதலே வெப்ப உயர்வு பற்றி எச்சரித்திருக்கிறார்கள். அவர்கள் போட்ட கணிப்புகள் பிற்பாடு நடந்ததோடு நன்றாகவே பொருந்தின. வெளியிலோ அந்த நிறுவனம் விளம்பரம் கொடுத்துச் சந்தேகத்தை வளர்த்தது. இந்தச் சந்தேகத்துக்குப் பதில் தேவையே இல்லை. பதில் வந்துவிட்டால் அதற்கு வேலை போய்விடும்.

உண்மையான சண்டை இன்றைக்கும் நடக்கிறது, நேயர்களே. கரியமில வாயு இருமடங்கானால் எத்தனை டிகிரி என்ற அதே பழைய கேள்விக்கு, 1979-ல் அமெரிக்க வானிலை விஞ்ஞானி சார்னியின் குழு ஒன்றரை முதல் நாலரை என்றது. 2021-ல் ஐபிசிசி இரண்டரை முதல் நான்குக்குள் இருக்க வாய்ப்பு அதிகம் என்றது. நாற்பது ஆண்டு உழைப்பில் சுருங்கியது அவ்வளவுதான். மேகங்கள்தான் பெரிய தொல்லை. நிச்சயமில்லை என்பதை நம்மில் பலர் ஆபத்தில்லை என்று கேட்டுக்கொள்கிறோம். நினைத்ததைவிடக் கூடுதலாகச் சூடாகும் வாய்ப்பும் அதில் இருக்கிறதே!

2024-ல் உலக வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிடச் சுமார் 1.55 டிகிரி கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு சொன்னது. இந்தத் தாவலுக்குக் காரணங்களில் ஒன்றாகக் காலநிலை விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் காட்டுவது மறுபடியும் கப்பல்களைத்தான். கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்ச அளவை 2020-ல் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைத்தார்கள். மூச்சுவிடும் காற்றுக்கு நல்ல செய்தி. ஆனால் அந்தக் கந்தகப் புகைதான் கடல்மேல் மேகங்களை வெளுப்பாக்கி வெயிலைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது, நாம் மறைத்து வைத்திருந்த சூடு இப்போது வெளியே வருகிறது, வேகம் கூடிவிட்டது என்கிறார் ஹான்சன். இன்னொரு காலநிலை விஞ்ஞானி மைக்கேல் மான் ஒப்புக்கொள்ளவில்லை. கணினி மாதிரிகள் கணித்த எல்லைக்குள்தான் வெப்பம் ஏறுகிறது என்கிறார். இருவருமே பூமி சூடாவதைப் பல காலமாகச் சொல்லிவருபவர்கள். உள்ளே வரும் வெயிலையும் வெளியே போகும் வெப்பத்தையும் 2000-லிருந்தே செயற்கைக்கோள்கள் அளந்து வருகின்றன. இன்னும் சில ஆண்டு அளவுகள் சேர்ந்தால், இவர்களில் ஒருவர் தன் கணக்கைத் திருத்த வேண்டியிருக்கும்.

வணக்கம்.