கொட்டகலை இரண்டு தரம் வந்தால்

வணக்கம் நேயர்களே. மலையகத்தில் கணினி படிக்கிற பிள்ளைகளுக்காக ஏதாவது பேசுங்கள் என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கேட்டார். செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல. நான் எடுத்துக்கொண்டிருப்பது அதைவிடச் சின்ன விஷயம். இணையப் பக்கங்களுக்கு நிரல் எழுதுகிற ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 'செட்' என்று ஒன்று இருக்கிறது. ஒரே பெறுமானம் இரண்டு தரம் வராதபடி சேர்த்து வைக்கிற ஏற்பாடு அது. சின்ன விஷயம்தான், ஆனால் தமிழில் பெயர் எழுதுகிற நமக்கு அதற்குள் கொஞ்சம் கூடுதல் வேலை இருக்கிறது.

ஹட்டனில் என்னிடம் படிக்கிற பிள்ளைகள் சிலர் தங்கள் தோட்டத்து நலன்புரிச் சங்கத்துக்கு ஓர் இணையப் பக்கம் செய்து வருகிறார்கள். மேல் டிவிசனில் ஒருவர் பட்டியல் வைத்திருப்பார், கீழ் டிவிசனில் இன்னொருவர் வைத்திருப்பார், தொழிற்சாலைப் பக்கத்து ஆட்களின் பட்டியல் யாரோ ஒருவரின் வாட்ஸப்பில் கிடக்கும். கல்யாணம் முடித்து மேலே இருந்து கீழே போனவர் இரண்டிலும் இருப்பார். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, ஓர் ஆளுக்கு ஒரு தரம் மட்டும் பெயர் வரும்படி செய்ய வேண்டும். இதுதான் வேலை.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் ஒருவர் இரண்டு தரம் குரல் கொடுத்தாலும் செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் ஒரு பேர்தான் விழும். செட்டும் அப்படித்தான். 'நியூ செட்' என்று எழுதி ஒன்றை உருவாக்குகிறோம். 'ஆட்' என்றால் சேர்க்கும். ஏற்கெனவே இருப்பதைத் திரும்பச் சேர்க்கச் சொன்னால் சத்தம் போடாமல் விட்டுவிடும், பிழை என்று கத்தாது. 'ஹேஸ்' என்று கேட்டால் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். 'டிலீட்' எடுத்துவிடும். எத்தனை இருக்கின்றன என்பதற்கு 'சைஸ்'. அவ்வளவுதான். பாதி நாள் மட்டும் பதிகிற அரைப்பேர் என்ற கதையே இதில் கிடையாது, ஒன்று இருக்கும், அல்லது இருக்காது.

சேர்த்த ஒழுங்கையும் அது காப்பாற்றும். முதலில் சேர்த்தது முதலில் வரும். உயர்தரத்தில் பைதன் படித்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், பைதனின் செட் அந்த ஒழுங்குக்கு உத்தரவாதம் தராது. ஜாவாஸ்கிரிப்ட் தரும். ஆனால் ஒன்றை எடுத்துவிட்டுத் திரும்பச் சேர்த்தால் அது கடைசிக்குப் போய்விடும்.

ஜாவாஸ்கிரிப்ட் பிறந்தது 1995இல். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார் என்பது நிரலாளர்கள் எல்லோரும் சொல்கிற கதை. செட் மொழிக்குள் வந்தது 2015இல் வெளியான தரத்தோடுதான். நடுவில் இருந்த இருபது வருஷமும் ஆட்கள் சமாளித்தார்கள். ஒவ்வொரு சாவிக்கும் எதிரே ஒரு பெறுமானம் வைக்கிற 'ஆப்ஜெக்ட்' ஒன்றை எடுத்து, பெயர்களை அதன் சாவிகளாகப் போடுவார்கள். அதில் சாவி எல்லாமே எழுத்துச் சரம், அதாவது எழுத்துகளின் கோவை, ஆகிவிடும், எண்கள் தங்கள் இஷ்டத்துக்கு முன்னால் போய் நிற்கும். நாம் சேர்க்காத சில சொற்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பதுபோலவும் காட்டும். அல்லது 'அரே' என்ற சாதாரணப் பட்டியலில் வைத்துக்கொண்டு, புதிதாக ஒன்று வரும்போதெல்லாம் முதலில் இருந்து தேடிப் பார்ப்பார்கள்.

அந்தத் தேடல் மெதுவானது என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லாம் வேறு வேறான 2,000 பெயர்கள் என்றால் கிட்டத்தட்ட 20 இலட்சம் ஒப்பீடு. பெரிதாகத் தெரிகிறது, ஆனால் இன்றைய கைப்பேசி கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும். ஒரு இலட்சம் பெயர்கள் என்றால் 500 கோடி ஒப்பீடு, அங்கேதான் உண்மையில் திணறும். ஒரு தோட்டத்துச் சங்கத்துக்கு வேகத்தைச் சொல்லி செட்டை விற்க வேண்டியதில்லை. படிக்கும்போதே நோக்கம் விளங்குகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த காரணம். நிரலில் செட் என்று கண்டால், இங்கே இரட்டிப்பு வரக்கூடாது என்று அடுத்து வாசிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இரண்டு பெறுமானங்கள் ஒன்றுதானா என்று செட் எப்படி முடிவு செய்கிறது?

நம் தோட்டங்களில் ஒவ்வொரு மலைக்கும் நம்பர் இருக்கிறது. கொழுந்து எடுக்கிற மலைகளின் நம்பர்களைச் சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரு பட்டியலில் 7 என்பது எண்ணாக இருக்கும். படிவத்தில் யாரோ தட்டச்சு செய்து அனுப்பிய 7 எழுத்தாக வரும், ஏனென்றால் இணையப் படிவத்தின் பெட்டிகளில் இருந்து வருவது எப்போதும் எழுத்துச் சரம்தான். செட்டுக்கு இரண்டும் வேறு. ஏழாம் நம்பர் மலை இரண்டாகிவிடும். தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தந்த டி.ஆர்.ஐ. 2025 என்ற வகைத் தேயிலைக் கன்றைப் பதிந்தாலும் இதே கதை, 2025ஐ எண்ணாக வைப்பதா எழுத்தாக வைப்பதா என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால், கூட்டவோ கழிக்கவோ போகாத எண்ணை எழுத்தாகவே வையுங்கள்.

ஆப்ஜெக்ட் சேர்த்தால் இன்னும் மோசம். பெயர் ராமையா, டிவிசன் மேல் என்று ஓர் ஆப்ஜெக்ட், அதே விபரத்தோடு இன்னோர் ஆப்ஜெக்ட். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் செட் இரண்டையும் வைத்துக்கொள்ளும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அது பார்ப்பதில்லை, நினைவகத்தில் அதே பொருளா என்று மட்டும்தான் பார்க்கிறது. பிள்ளைகள் அடிக்கடி "சேர், செட் வேலை செய்யவில்லை" என்று வருவது இந்த இடத்தில்தான்.

இப்போது கொட்டகலைக்குப் போவோம்.

பிள்ளைகளின் பக்கத்தில் ஊர்களுக்கு ஒரு செட் இருந்தது. ஹட்டன், நோர்வூட், கொட்டகலை, பொகவந்தலாவை. திரையில் பார்த்தால் கொட்டகலை இரண்டு தரம் நிற்கிறது. இடைவெளி ஏதும் இல்லை, எழுத்துப்பிழையும் இல்லை. இரண்டின் நீளத்தையும் கேட்டுப் பார்த்தால் ஒன்று 8 என்கிறது, மற்றது 9 என்கிறது.

காரணம் 'கொ' என்ற எழுத்து. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் கொடுக்கிற பொதுத் தரம் யூனிகோடு. அதில் ஒகரக் குறிக்குத் தனியாக ஓர் எண் இருக்கிறது. அந்தக் குறியை ககரத்தோடு சேர்த்தால் 'கொ'. இடப்பக்கம் தெரிகிற கொம்பையும் வலப்பக்கம் தெரிகிற அரவையும் தனித்தனியாக ககரத்தின் பின்னால் வைத்தாலும் திரையில் அதே 'கொ'தான் வரும். யூனிகோடின் கணக்கில் இரண்டும் சமம். ஆனால் செட் யூனிகோடின் கணக்கைப் பார்ப்பதில்லை, எண்ணுக்கு எண் ஒப்பிடுகிறது. விசைப்பலகைகளில் சில ஒரு விதமாக அனுப்பும், சில மற்ற விதமாக அனுப்பும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கடிதங்களை யூனிகோடுக்கு மாற்றி எடுத்தவர்களுக்கு இந்தத் தலைவலி தெரிந்திருக்கும். பொகவந்தலாவை, நோர்வூட், கொத்மலை எல்லாம் இந்தச் சிக்கலில் மாட்டக்கூடிய பெயர்கள். ஹட்டனும் பதுளையும் தப்பித்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் எடுக்கப்பட்ட பயிற்சி வீடியோக்களைப் பார்த்துப் படிக்கிற பிள்ளைக்கு இதை யாரும் சொல்வதில்லை, சொல்ல வேண்டிய தேவை அவற்றை எடுத்தவர்களுக்கு வரவில்லை.

மருந்து சுலபம். எழுத்துச் சரத்துக்கு 'நார்மலைஸ்' என்று ஒரு கட்டளை இருக்கிறது, செட் வந்த அதே 2015 தரத்தில் வந்தது. செட்டில் சேர்க்கும் முன்பு ஒவ்வொரு பெயரையும் அதில் ஒரு தரம் போட்டு எடுத்தால் கொம்பும் அரவும் சேர்ந்து ஒரே குறியாகிவிடும். முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றிடத்தை 'ட்ரிம்' வெட்டிவிடும். சேர்க்கும்போது மட்டும் செய்தால் போதாது, 'ஹேஸ்' என்று தேடும்போதும் அதே இரண்டையும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற ஆளை இல்லை என்று சொல்லிவிடும்.

ஆனால் 'ஸ்ரீ' இருக்கிறதே, அது நார்மலைஸுக்கும் அடங்காது. ஸ்ரீதேவி என்ற பெயரை எடுங்கள். முதல் எழுத்தை ஸகரத்தில் தொடங்கி எழுதுகிற வழக்கம் ஒன்று. 2005இல் யூனிகோடில் தமிழுக்கு இன்னொரு எழுத்து, ஶகரம், சேர்ந்தது. அதில் தொடங்கி எழுதுவது மற்றது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவத்தில்தான் தெரியும். யூனிகோடு இவை இரண்டையும் சமம் என்று அறிவிக்கவில்லை. ஆகவே நாமே ஒரு வரி எழுதி, ஒன்றை மற்றதாக மாற்றிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் ஸ்ரீ இல்லாத பெயர்ப்பட்டியல் எங்கே இருக்கிறது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சொல்லில் எத்தனை வேறு வேறு எழுத்து என்று பார்க்க, சொல்லை நேராக செட்டில் போடச் சொல்லித் தருவார்கள். கொட்டகலையைப் போட்டுப் பாருங்கள். நம் கண்ணுக்கு கொ, ட், ட, க, லை என்று ஐந்து எழுத்து. செட் ஆறு என்று சொல்லும், புள்ளியையும் ஐகாரக் குறியையும் ஒகரக் குறியையும் தனித்தனியாக எண்ணியிருக்கும். எழுத்து எழுத்தாகப் பிரிக்க 'இன்டெல் செக்மெண்டர்' (Intl.Segmenter) என்று ஒரு வசதி புதிய உலாவிகளில் இருக்கிறது. முதலில் அதைக் கொண்டு பிரித்துவிட்டு, பிறகு செட்டில் போடுங்கள்.

இவ்வளவும் எழுத்தின் பிரச்சினை. ஆளின் பிரச்சினை வேறு. முத்துலட்சுமி, முத்துலெட்சுமி, முத்துலக்ஷ்மி என்று மூன்று பெயர். ஒரே ஆள்தான், மூன்று இடத்தில் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், பாடசாலைப் பதிவில் ஒரு விதம் என்று அலைகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். இது இரட்டிப்பு. மறுபக்கம், ஒரே தோட்டத்தில் இரண்டு ராமையா, அப்பா பெயரின் முதலெழுத்தும் ஒன்று. பெயரை மட்டும் செட்டில் போட்டால் ஒரு ராமையா காணாமல் போவார், எந்த எச்சரிக்கையும் வராது. முதல் வகைத் தவறில் சந்தா இரண்டு தரம் கேட்பார்கள், சண்டை வந்து தீர்ந்துவிடும். இரண்டாவது வகையில் ஒரு குடும்பத்துக்கு வர வேண்டியது வராமலே போகும். எனக்கு இரண்டாவதுதான் பயம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் பட்டியலுக்கு வெளியே விடப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம், பெயர் விடுபடுவதை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

அதனால் பெயரை அடையாளமாக வைக்காதீர்கள். தேசிய அடையாள அட்டை இலக்கத்தை வையுங்கள். அதிலும் ஒரு முடிச்சு உண்டு. பழைய அட்டை எண்ணில் ஒன்பது இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும். 2016இல் இருந்து வருகிற புதியது 12 இலக்கம். பழைய அட்டையை மாற்றியவர் ஒரு பட்டியலில் பழையதையும் மற்றதில் புதியதையும் கொடுத்திருப்பார். பழையதன் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின் ஒரு 0 நுழைத்து, முன்னால் 19 சேர்த்து, கடைசி எழுத்தை விட்டுவிட்டால் புதிய வடிவம் வந்துவிடும். எல்லாவற்றையும் அப்படி மாற்றிய பிறகுதான் சேர்க்க வேண்டும். அப்புறம், இந்த இடத்தில் செட்டைவிட 'மேப்' பொருத்தம். இலக்கம் சாவியாகவும் ஆளின் விபரம் அதற்கு எதிரிலும் இருக்கும். பெயர் மட்டும் மோதுகிற இடங்களை நிரல் தானாக அழிக்காமல், சங்கச் செயலாளருக்குக் காட்டி "இவர் யார்?" என்று கேட்கட்டும். லயம் என்ற வரிசை வீடுகளில் எத்தனையாம் காம்பரா என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். அடையாள அட்டை இலக்கத்தைப் பொதுப் பக்கத்தில் காட்டிவிடாதீர்கள், அது கணக்குக்கு மட்டும்.

சாதாரண தரத்தில் தொடைகள் படித்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. வென் வரிப்படம் வரைந்து ஒன்றிப்பு, இடைவெட்டு என்று நிழற்றியதெல்லாம் இப்போது செட்டிலேயே கட்டளைகளாக வந்துவிட்டன. 'யூனியன்', 'இன்டர்செக்ஷன்', 'டிஃபரன்ஸ்' என்று தொடங்கி மொத்தம் ஏழு. 2025 தரத்தில் சேர்ந்தவை, உலாவிகளில் அதற்கு முன்பே வந்துவிட்டன: சஃபாரியில் 2023, குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் 2024. இந்த மாதம் சந்தா கட்டாதவர்கள் யார் என்றால், எல்லா அங்கத்தவர்களிலும் இருந்து கட்டியவர்களை 'டிஃபரன்ஸ்' எடுத்தால் முடிந்தது, ஒரே வரி. ஆனால் எதிரில் கொடுப்பதும் செட் மாதிரியான ஒன்றாக இருக்க வேண்டும், அரேயைக் கொடுத்தால் பிழை என்று நின்றுவிடும். இங்கே பல வருஷமாகப் புதுப்பிக்காத கைப்பேசிகள் நிறையப் பாவனையில் இருக்கின்றன. அவற்றில் இந்த ஏழும் இருக்காது என்பதால், 'ஃபில்டர்' கொண்டு அதே வேலையைச் செய்கிற பழைய வழியையும் தெரிந்து வைத்திருங்கள்.

கடைசியாக, சேமிக்கிற விஷயம். தரவைச் சேமிக்கவும் அனுப்பவும் எழுத்தாக்குகிற வடிவம் ஜேசன். செட்டை அப்படியே ஜேசனாக மாற்றினால் இரண்டு வெறும் நெளிவு அடைப்புக்குறிகள் மட்டும்தான் வரும். உள்ளே இருந்த பெயர் ஒன்றும் வராது, பிழைச் செய்தியும் வராது. உலாவிக்குள் சேமிக்கிற இடமான லோக்கல் ஸ்டோரேஜில் நேராகப் போட்டாலும் இதே மாதிரிதான், பெயர்களுக்குப் பதில் பயனில்லாத ஒரு சொற்றொடர் போய் உட்காரும். ஆகவே 'அரே ஃப்ரம்' கொண்டு முதலில் அரேயாக மாற்றுங்கள், பிறகு ஜேசன், பிறகு சேமிப்பு. திறக்கும்போது தலைகீழாக, ஜேசனில் இருந்து அரே, அரேயில் இருந்து 'நியூ செட்'. பக்கத்தை மூடித் திறந்து பார்த்து, 'சைஸ்' முன்பு இருந்த அதே எண்தானா என்று சரிபார்த்துவிட்டு செயலாளரிடம் கொடுங்கள்.

கேள்விகள் இருந்தால் இந்த நிகழ்ச்சிக்கு எழுதி அனுப்புங்கள். நன்றி, வணக்கம்.