வினாத்தாள் எங்கிருந்து வருகிறது?

(வேலூரில் ஆசிரியர் பயிற்சி மாணவர்களிடையே பேசியது)

எல்லோருக்கும் வணக்கம்.

என்னிடம் படித்த குடியாத்தம் பையன் ஒருவன் மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுக்குக் கணக்கு வாத்தியாராகப் போனான். முதல் நாள் அவன் கரும்பலகையில் எழுதியது, எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் கணக்கு. பிள்ளைகள் முழித்திருக்கிறார்கள். அந்த நாட்டில் ரயிலே கிடையாது. சரி என்று ரயிலை அழித்துவிட்டுத் தோணி என்று எழுதினானாம். அவர்கள் திவேஹி மொழியிலும் படகுக்குத் தோணி என்றுதான் பேர். வகுப்பே கணக்கைப் போட்டுவிட்டது.

ஆனால் பொதுத்தேர்வுத் தாளில் அவன் கை வைக்க முடியாது. அது இங்கிலாந்திலிருந்து வருகிறது.

15 லட்சம் வரை மக்கள் உள்ளவற்றைச் சிறிய நாடுகள் என்கிறது காமன்வெல்த், அதாவது பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் ஆட்சி நாடுகளின் கூட்டமைப்பு. நம் பழைய வடஆற்காடு மாவட்டத்தில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஜனம். அவ்வளவு சின்ன நாடு தனியாகத் தேர்வு வாரியம் வைத்து நடத்தினால் செலவு தாங்குவது கஷ்டம். மேல்படிப்புக்குப் பிள்ளைகள் கடல் தாண்டியாக வேண்டும். சான்றிதழ் அங்கே செல்லுபடியாக வேண்டும். அதனால் வெளியே பாடத்திட்டம் மாறினால் அந்தச் சின்ன நாட்டிலும் மாற்றியே தீரவேண்டும். கொள்கையை எழுதுவது அந்த ஊர் அமைச்சர்தான், அதில் பாதி வரிகளைச் சொல்லிக் கொடுப்பது வெளியுலகம்.

கரீபியன் தீவுகள் இதற்கு ஒரு வழி கண்டன. தனித்தனியாக முடியாததை 1972இல் கூடிச் செய்தன: பொதுவாக ஒரு தேர்வு மன்றம். 1979 முதல் சொந்தத் தேர்வு. தங்கள் வரலாறு தங்கள் வினாத்தாளில் வந்தது. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

ஆனால் அவர்களாலும் ஆசிரியர்களைப் பிடித்துவைக்க முடியவில்லை. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தும் அமெரிக்காவும் அந்தத் தீவுகளில் ஒன்றான ஜமைக்காவின் ஆசிரியர்களை அள்ளிக்கொண்டு போயின. நர்சு படித்துவிட்டு விமானம் ஏறும் பெண்களை வழியனுப்பிப் பழகிய வேலூருக்கு இது புரியும். போகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2004இல் காமன்வெல்த் நாடுகள் ஓர் உடன்பாடு செய்தன. ஆசிரியருக்குப் போகும் உரிமை உண்டு, ஆனால் கல்வியாண்டின் நடுவில் அழைத்துப் போவதைத் தவிர்க்க வேண்டும் என்றார்கள். சட்டக் கட்டாயம் இல்லை.

நம் பையனும் அக்கா கல்யாணத்துக்கு என்று நடு ஆண்டில் வந்தவன், இங்கேயே வேலை கிடைத்துத் தங்கிவிட்டான். இரண்டு மாதம் அந்தத் தீவில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார் இல்லை. இரவில் பிள்ளைகள் போன் போட்டுச் சந்தேகம் கேட்பார்கள். இவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்லிக் கொடுப்பான். தேர்வுத் தேதி மட்டும் தள்ளிப்போகவில்லை.