மந்திரம் தெரியாத லீடர்: வார்லார்ட், வேலூர் கோட்டை, கொஞ்சம் வம்பு

வணக்கம் மக்களே. வேலூர், சத்துவாச்சாரி. சாயங்காலம் ஆகியும் வெயில் இறங்கவில்லை. ஃபேனை நிறுத்தினால் நான் அவிந்துபோவேன், ஓடவிட்டால் மைக்கில் இரையும். இரையட்டும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதாவது ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து டைஸ் உருட்டிக் கதையாக ஆடும் மேஜை விளையாட்டு. அதை ஆடுகிற எந்தக் கூட்டத்திலும் முதல் நாள் ஒரு பஞ்சாயத்து உண்டு. சாமி அருளால் காயம் ஆற்றும் கிளெரிக்கை யார் எடுப்பது? ஒருவருக்குச் சண்டை போடும் ஃபைட்டர், இன்னொருவருக்குப் பதுங்கி அடிக்கும் ரோக், மூன்றாமவருக்கு நெருப்புப் பந்து வீச வேண்டும். காயத்துக்குக் கட்டுப்போட மட்டும் ஆள் வராது. கடைசியில் தாமதமாக வந்த பாவப்பட்ட ஒருவர் தலையில் கட்டிவிடுவோம். சரி, சாமியும் மந்திரமும் இல்லாமல் அந்த வேலையைச் செய்ய முடியாதா?

முடியும். 2008-இல் வந்த நான்காம் பதிப்பில் அதற்கென்றே வார்லார்ட் என்று ஒரு கிளாஸ், அதாவது பாத்திர வகை, வைத்தார்கள். அந்தப் பதிப்பில் லீடர் என்பது ஒரு ரோல், தோழர்களைத் தாங்கிப்பிடிக்கும் பொறுப்பு. கிளெரிக்கும் லீடர், வார்லார்டும் லீடர். கிளெரிக்குக்குச் சக்தி கடவுளிடமிருந்து வருகிறது, வார்லார்டுக்குப் பயிற்சியிலிருந்து வருகிறது. இதற்கு முன்னோடியாக 2003-இல் மினியேச்சர்ஸ் ஹேண்ட்புக்கில் மார்ஷல் என்று ஒருவர் இருந்தார். பக்கத்தில் நின்றாலே தோழர்களுக்கு போனஸ். ஆனால் மேஜையில் ஆடும்போது கொஞ்சம் சப்பென்றுதான் இருப்பார்.

வார்லார்ட் அப்படி இல்லை. ‘கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக்’ என்று ஒரு வித்தை. தன் முறை வரும்போது அவர் அடிக்கமாட்டார், தோழர் ஒருவரை அடிக்கச் சொல்வார். அடியின் சேதத்தில் வார்லார்டின் அறிவும் சேரும். இப்படி முழு ஆட்டத்தையும் கையில் வாளே தூக்காமல் ஆடுகிறவர்கள் உண்டு, அவர்களுக்கு ‘லேஸிலார்ட்’ என்று செல்லப்பெயர். சோம்பேறி என்று சிரிப்பார்கள். எனக்கு அதுதான் மிகவும் பிடித்த ஆட்டம். அடுத்தவருடைய முறையையும் சேர்த்து ஆடுகிறோமே!

வம்பு எங்கே வந்தது என்றால், ‘இன்ஸ்பைரிங் வேர்ட்’ என்ற சக்தியில். ஒரு மோதலில் இரண்டு முறை, வார்லார்ட் ஒரு வார்த்தை சொன்னால் தோழரின் ஹிட் பாயின்ட், அதாவது எவ்வளவு அடி தாங்குவார் என்ற கணக்கு, ஏறும். உடனே கிளம்பிவிட்டார்கள்: “கத்தினால் காயம் ஆறுமா? வெட்டுப்பட்ட கை ஒட்டிக்கொள்ளுமா?”

ஹிட் பாயின்ட்டை ரத்தம் என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. 1979-இல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடிலேயே இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் இதை விளக்கிவிட்டார். ஹிட் பாயின்ட்டில் உடம்பு ஒரு பங்குதான். திறமை, அதிர்ஷ்டம் எல்லாம் கலந்த கணக்கு அது. போதாததற்கு, இன்ஸ்பைரிங் வேர்ட் எங்கிருந்தோ உயிரைக் கொண்டுவந்து ஊற்றுவதில்லை. அடிபட்டவர் தன்னிடம் சேமிப்பில் இருக்கும் ஹீலிங் சர்ஜில் ஒன்றைத்தான் செலவழிக்கிறார், அதன் மேல் ஒரு ஆறுமுக டைஸ் கூடுகிறது. சர்ஜ் தீர்ந்துபோனால் வார்லார்ட் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒன்றும் நடக்காது.

இன்னும் நம்பவில்லையா? நம் ஊர்க் கோட்டைக்கு வாருங்கள். 1806 ஜூலை 10. மக்கான் பக்கம் நினைவுத்தூண் இருக்கிறதே, அந்தச் சிப்பாய்ப் புரட்சி. விடியும் முன்னே சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். வெள்ளைக்காரர்களின் 69-ஆவது ரெஜிமென்ட்டில் அறுபது பேர் போல மதில்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். தோட்டா இல்லை. பெரிய அதிகாரி யாரும் இல்லை, சார்ஜென்ட்களும் இரண்டு உதவி சர்ஜன்களும்தான். டைஸ் கணக்கில் சொன்னால் எல்லோரும் ஒற்றை இலக்க ஹிட் பாயின்ட்.

ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு கில்லெஸ்பி என்ற வெள்ளைக்கார அதிகாரி வருகிறார். கதவு வழியாக நுழைய முடியவில்லை. மேலிருந்து விட்ட கயிற்றையும் ஒரு சார்ஜென்ட்டின் இடுப்புத் துணியையும் பிடித்து மதிலேறுகிறார். ஒரு ஆள்தான் மேலே போனது. தோட்டா போகவில்லை, மருந்து போகவில்லை. ஆனால் சாகக் காத்திருந்த அதே அறுபது பேர் பயனெட்டை மாட்டிக்கொண்டு மதில்மேலேயே பாய்கிறார்கள், பின்னால் வரும் பீரங்கிக்கு நேரம் கிடைக்கிறது. இதுதான் இன்ஸ்பைரிங் வேர்ட். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. அடுத்து உள்ளே புகுந்து நம் ஆட்களை நூற்றுக்கணக்கில் கொன்றார்கள், பிடிபட்டவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். பிடிக்காவிட்டாலும் கிளாஸ் என்னவோ அதுதான்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். சிப்பாய்களிடம் ஆள் பலம் இருந்தது, துணிச்சல் இருந்தது, திப்புவின் பிள்ளைகள் கோட்டைக்குள்ளேயே இருந்தார்கள். கோட்டை கைக்கு வந்ததும் “நீ கதவுக்குப் போ, நீ மதிலுக்குப் போ” என்று சொல்ல ஒரு தலை இல்லை. பலர் சூறையாடக் கலைந்துவிட்டார்கள். அத்தனை ஃபைட்டர் இருந்தும் லீடர் இல்லாத பார்ட்டி. அந்தக் காலை வேறு மாதிரி முடிந்திருக்கலாம் என்று கோட்டைப் பூங்காவில் உட்காரும்போதெல்லாம் தோன்றும்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். 2014-இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது வார்லார்டைத் தனி கிளாஸாக வைக்கவில்லை. துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டுவிட்டார்கள், நாம்தான் பொறுக்க வேண்டும். ஃபைட்டரில் பேட்டில் மாஸ்டர் என்று ஒரு கிளை. அவருக்கு மூன்றாம் லெவலில் வித்தைகளுக்காக நான்கு எட்டுமுக டைஸ் கிடைக்கும், கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக்கும் தோழரைத் தேற்றும் ராலியும் அங்கே இருக்கின்றன. கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக்கை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் சூட்சுமம். ரோக்குக்குக் கொடுங்கள். அவருடைய கூடுதல் சேதமான ஸ்னீக் அட்டாக் ஒரு டர்னுக்கு (ஒருவர் ஆடும் முறை) ஒரு தடவை என்பது விதி, ஒரு ரவுண்டுக்கு (எல்லோரும் ஆடி முடிப்பது) ஒரு தடவை அல்ல. உங்கள் டர்னில் ரோக் அடித்தால், நிபந்தனை பொருந்தினால், ஸ்னீக் அட்டாக் மறுபடியும் விழும். ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர், உங்கள் டிஎம், முகத்தை அப்போது பார்க்க வேண்டும்.

காயத்துக்கு ஹீலர் ஃபீட், அதாவது தனியாக எடுக்கும் ஒரு சிறப்புத் திறமை. 2014 விதிகளின் கணக்கு இது. ஒரு மருத்துவப் பை ஐந்து தங்கக் காசு, பத்து முறை வரும். ஆறுமுக டைஸ் போட்டு நான்கைக் கூட்டி, காயம்பட்டவருக்கு மொத்தம் எத்தனை ஹிட் டைஸோ (லெவலுக்கு ஒன்று) அதையும் கூட்டுங்கள். ஒருவருக்கு ஒரு முறை செய்தால் அவர் ஓய்வெடுக்கும் வரை மறுபடி கிடையாது. இதை தீஃப் வகை ரோக் எடுத்தால், கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனிலேயே கட்டுப்போட்டுவிட்டு அடிக்கவும் போகலாம். சிஎம்சி ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில் இதை ஒருவரும் எடுக்கமாட்டேன் என்கிறார்கள், என்ன சொல்வது!

இதே மாதிரியான இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டரில் 2025-இல் பேட்டில்க்ரை புத்தகத்தோடு கமாண்டர் வந்துவிட்டார், கொடியும் வியூகமுமாக. அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

ஒரு எச்சரிக்கை. லீடர் கிளாஸ் எடுத்தவர் மேஜைக்கும் மேனேஜர் ஆகிவிடக் கூடாது. “டேய், நீ அங்கே போ, இதை அடி” என்று ஆரம்பித்தால் மற்றவர்கள் மொபைலை எடுத்துவிடுவார்கள். “என்னிடம் ஒரு அடி இருக்கிறது, யாருக்கு வேண்டும்?” என்று கேளுங்கள். அடித்துக்கொண்டு கை நீட்டுவார்கள்.

உங்கள் கூட்டத்தில் இன்னும் யாரும் மசியவில்லை என்றால், டிஎம் நீங்கள் எதிரிப் பக்கத்தில் ஹாப்காப்ளின் என்ற அரக்கக் கூட்டத்தின் கேப்டன் ஒருவரை, 2014 விதிகளில் உள்ளபடி, நிறுத்துங்கள். அவர் லீடர்ஷிப் என்ற சக்தியைப் போட்டால் ஒரு நிமிடத்துக்கு, முப்பது அடிக்குள் இருக்கும் அவருடைய ஆட்களின் தாக்குதலிலும் சேவிங் த்ரோவிலும் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் டைஸ்) நான்குமுக டைஸ் ஒன்று கூடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது ரவுண்டிலேயே எல்லோரும் கேப்டனைத்தான் குறிவைப்பார்கள். அப்போது வார்லார்ட் மாதிரி ஒரு பாத்திரத்தின் விவரத் தாளை மேஜையில் தள்ளிவிடுங்கள்.